பூச்சரத்தில் ஒரு ரத்தக் கணக்கு

என் கைப்பையில் ஐந்து பொருள்கள் இருந்தன. ரத்த அணுக்களை எண்ணும் கண்ணாடிப் பலகை ஒன்று, உறிஞ்சு குழாய்கள் இரண்டு, பழைய நோட்டுப் புத்தகம் ஒன்று, புதிய நோட்டுப் புத்தகம் ஒன்று. சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி கண்ணாடிப் பலகையை மட்டும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது என்னங்க?"

"ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுவது."

"எண்ணி?" என்றார்.

அவர் சும்மாதான் கேட்டார். எனக்குப் பின்னால் பதினாறு பேர் வரிசையில் நின்றார்கள். பதிலுக்குக் காத்திராமல் அனுப்பிவிட்டார். ஆனால் அந்தக் கேள்வி திருவண்ணாமலை வரை என்னோடு பஸ்ஸில் வந்தது.

எனக்கு வயது எழுபத்திரண்டு. மலேசியாவில், பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளுக்கு நடுவே உள்ள ஒரு சிற்றூர் மருத்துவமனையில் முப்பத்துநான்கு வருடம் ரத்தப் பரிசோதனை வேலை பார்த்தவன். வேலை போய்விட்டது, எண்ணும் பழக்கம் போகவில்லை. என் பேத்தி மாலினி, எங்கள் ஊருக்கு மின்வேலைக்கு வந்த சேகரைக் கட்டிக்கொண்டு, அவன் ஊரான கீழ்பென்னாத்தூருக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. சேகர் இங்கே வேன் ஓட்டுகிறான். அவர்கள் மகன் நவீனுக்கு நான்கு வயது. முந்தைய மாதம் அவனுக்குக் காய்ச்சல். டவுன் லேபில் பார்த்ததில் வெள்ளை அணுக்கள் இரண்டாயிரத்து அறுநூறு என்று வந்திருக்கிறது. அந்த வயதுக் குழந்தைக்கு ஐயாயிரத்துக்குக் கீழே போனாலே கவனிக்க வேண்டும். மாலினி தொலைபேசியில் எண்ணை வாசித்தாள். காய்ச்சல் விட்டதும் மறுபடி பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொன்னாராம். "யாரும் அவனைத் தொட வேண்டாம், நான் வந்து எண்ணுகிறேன்" என்று தடுத்துவிட்டேன்.

ஏன் அப்படிப் பயந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடியிருப்புக்கு அருகே ஓர் ஆலை இருந்தது. ஈய மணலிலிருந்து வேறு ஒரு பொருளைப் பிரித்தெடுப்பார்கள். மிஞ்சும் வெள்ளைச் சுண்ணாம்பை வேண்டியவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். தோட்டத்துக்கு நல்ல உரம் என்று நான் சொன்னேன். எங்கள் வரிசையில் படித்தவன் நான் ஒருவன்தான். என் பேச்சைக் கேட்டு நான்கு வீட்டார் எடுத்தார்கள். நான் மூன்று மூட்டை கொண்டுவந்து வெண்டைப் பாத்தியில் கொட்டினேன். மாலினிக்கு அப்போது மூன்று வயது. அந்தப் பாத்தியில் உட்கார்ந்துதான் மண்சோறு சமைப்பாள். அந்தச் சுண்ணாம்பில் கதிர்வீச்சு இருக்கிறது என்பது இரண்டு வருடம் கழித்துத்தான் தெரியவந்தது.

கொஞ்சம் கொஞ்சமாக, நாள்பட உடம்பில் படும் கதிர்வீச்சு ஒரு குழந்தையின் ரத்தத்தை என்ன செய்யும் என்று கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். பெரிய அளவில் பட்டால் வெள்ளை அணுக்கள் விழுந்துவிடும், அதில் சந்தேகமில்லை. சிறிய அளவில் பட்டால்? சளி பிடித்தாலும் அணுக்கள் ஏறும், இறங்கும். வயிற்றில் பூச்சி இருந்தாலும் மாறும். இந்த ஏற்ற இறக்கத்துக்குள் கதிர்வீச்சின் பங்கு எது என்று ஒரு குழந்தையை வைத்துச் சொல்ல முடியாது, ஏராளமான குழந்தைகளைப் பல வருடம் பார்க்க வேண்டும் என்றுதான் எல்லோரும் எழுதியிருந்தார்கள். என்னிடம் இருந்தது ஒரே குழந்தை. ஐந்து வயதிலிருந்து பதினைந்து வரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அவள் விரலைக் குத்தி எண்ணினேன். இருபத்தொரு முறை. பழைய நோட்டில் இருப்பது அதுதான். முதல் மூன்று வரிகளில் எண்ணிக்கை கொஞ்சம் குறைவு; பிறகு ஏறி நின்றுவிட்டது. ஏன் குத்துகிறேன் என்பதை மட்டும் அவளிடம் ஒருநாளும் சொல்லவில்லை.

புதிய நோட்டில் நவீனுக்காகக் கோடு போட்டிருந்தேன். பதினெட்டு வயது வரை, வருடத்துக்கு இரண்டு வீதம், இருபத்தெட்டு வரிகள்.

முதல் நாள் செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குப் பக்கமாக ஒரு விடுதியில் இறங்கினேன். மாலினி வீட்டில் ஆறு பேருக்கு இரண்டே அறை. என் இருமல் அவர்களுக்கு வேண்டாம் என்று நினைத்தேன். மார்கழிக் குளிர் இதமாக இருந்தது. எங்கள் ஊரில் பன்னிரண்டு மாதமும் ஒரே புழுக்கம். சட்டை முதுகில் ஒட்டாமல் நடந்தது எனக்கே ஆச்சரியம். ஜன்னலைத் திறந்தால் மலை. அழகுதான். ஆனால் கருங்கல்லில் இயல்பாகவே கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு என்பதும் எனக்குத் தெரியும். அதனால் ஒன்றும் ஆகாது என்பதும் தெரியும். இருந்தாலும் கட்டிலை மலைப்பக்கச் சுவரிலிருந்து நான்கு அடி தள்ளிப் போட்டுக்கொண்டுதான் படுத்தேன்.

காலையில் மேனேஜர் கதவைத் தட்டினார். மூக்கைச் சுருக்கிக்கொண்டு, பணிவாகவே கேட்டார்: "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. உங்க ரூம்ல ஏதோ செத்துக் கெடக்குதா?"

மாலினிக்காக இரண்டு கிலோ நெத்திலிக் கருவாடு கொண்டுவந்திருந்தேன். அது சைவ விடுதி. ஐந்து பை மாற்றிச் சுற்றியும் வாசம் அடங்கவில்லை. மேனேஜர் பெட்டியைத் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகப் பார்த்தார். "நம்ம ஊருலயே கெடைக்குமே ஐயா, இத எதுக்கு பிளேன்ல ஏத்தினீங்க?" என்றவர், தன் ஸ்கூட்டர் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு, நான் கிளம்பும்போது எடுத்துக் கொடுத்தார். எங்கள் ஊர் விடுதியாக இருந்தால் பெட்டியோடு என்னையும் வெளியே வைத்திருப்பார்கள்.

பக்கத்துச் சிற்றுண்டிக் கடையில் இட்லி சாப்பிட்டேன். பஞ்சு போல இருந்தது. நான்கு போதும் என்று போய் ஏழு சாப்பிட்டேன். அடுத்த மேசையில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் தன் தோழியிடம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்: "இங்கே வந்தபின் நான் நாள்களை எண்ணுவதையே விட்டுவிட்டேன்." நான் விடவில்லை. திரும்பிப் போக எனக்கு ஐந்து நாள் மிச்சம் இருந்தது.

இரண்டாம் நாள் கீழ்பென்னாத்தூர் பஸ். ஐம்பத்திரண்டு பேர் அமரலாம் என்று எழுதியிருந்தது. எண்பத்தேழு பேரை எண்ணியபோது கண்டக்டர் என் முதுகில் கை வைத்தார்.

"பெரியவரே, உள்ள போங்க. உள்ள காலியாத்தான் கீது."

"எங்கே காலி?"

"நீங்க போனா காலியாயிடும்."

பாதி வழியில் டயர் வெடித்தது. எண்பத்தேழு பேரும் இறங்கினோம். யாரும் கத்தவில்லை. ஆண்கள் நான்கு பேர் தாமாகவே டிரைவரோடு குனிந்தார்கள். ஓர் அம்மாள் கூடையிலிருந்து வேகவைத்த வேர்க்கடலையை எடுத்துச் சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் கொடுத்தார். என் கையில் விழுந்தவை பதினான்கு. "எண்ணிப் பாக்கறாரு பாரு, கொறஞ்சா சண்டைக்கு வருவாரு போல" என்று சிரித்துவிட்டு இன்னொரு பிடி கொடுத்தார். நாற்பது நிமிடத்தில் பஸ் கிளம்பியது. எங்கள் ஊரில் அதற்குள் மூன்று பேராவது புகார் எழுதத் தொடங்கியிருப்பார்கள்.

மாலினி வாசலுக்கு ஓடிவந்து, "பசியாறியாச்சா தாத்தா?" என்றாள். சாப்பிட்டாச்சா என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல். உள்ளேயிருந்து அவள் மாமியார், "அஞ்சு வருசமாச்சு, இன்னும் பசியாறிக்கினே இருக்கறா" என்று சிரித்தார்.

நவீன் தூணுக்குப் பின்னால் நின்றான். நல்ல நிறம், நல்ல சதை, முழங்காலில் புதிய சிராய்ப்பு. நான் கையை நீட்டினேன். அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"இவருதான் ஊசித் தாத்தாவா?" என்று அவன் அம்மாவைக் கேட்டான்.

மாலினி என்னைப் பார்க்காமல், "சும்மா ஒருநாள் கதை சொன்னேன் தாத்தா" என்றாள். அன்று சோறும் கொள்ளு ரசமும் வேர்க்கடலைத் துவையலும். நான் கொண்டுவந்த கருவாட்டை வேர்க்கடலையோடு வறுத்து எங்கள் ஊர்ச் சம்பல் செய்தாள். சேகரின் அப்பா மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டு அந்த இரண்டு கைகளும் மறைந்ததையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் நவீனைத் தூக்கிக்கொண்டு சேகரும் நானும் லேபுக்குப் போனோம். கீழ்பென்னாத்தூர் பஸ் நிலையத்தை ஒட்டி ஒரே அறை, ஒரு மைக்ராஸ்கோப், ஒரு மேசை மின்விசிறி. நடத்துகிறவர் தமிழ்ச்செல்வி; முப்பது வயதிருக்கும். அந்த ஊர்க் கடலைக்கொல்லைக்காரர் மகள், வேலூரில் படித்தவர். வாசற்படியில் அஞ்சலை என்ற பூக்கார அம்மாள் கூடையோடு உட்கார்ந்திருந்தார். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. நான் என் கண்ணாடிப் பலகை உள்ள பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இங்கே நானே எண்ணினால்தான் சரிவரும் என்று தோன்றியது.

தமிழ்ச்செல்வி பழைய ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். எண்ணை ஒருமுறைதான் பார்த்தார். தேதியைத்தான் வெகுநேரம் பார்த்தார். பிறகு சுவரில் தொங்கிய காலண்டரின் முந்தைய தாளைத் தூக்கிப் பார்த்தார்.

"சேகரண்ணா, இது தீபத்தன்னிக்கு எடுத்ததா?"

"ஆமாம்மா. அன்னிக்கு நீ கடைய மூடிட்ட. ஆஸ்பத்திரியிலதான் எடுத்தாங்க. அவங்களும் மூடற அவசரத்துல இருந்தாங்க."

"ரத்தத்த டவுனுக்கு யாரு எடுத்தும்போனது?"

"நான்தான். தீபத்துக்கு ஆளுங்கள ஏத்திக்கினு எப்படியும் வேன் போவுது, அதுலயே எடுத்தும்போயிட்டேன்."

"எங்க வெச்சிருந்தீங்க?"

"முன்னாடி, கண்ணாடிகிட்ட. புள்ளையார் பக்கத்துல."

"வெயில்லயா? எத்தினி மணிக்கு லேபுல குடுத்தீங்க?"

சேகர் தலையைச் சொறிந்தான். "ஊருக்கு வெளியவே போலீஸ் வண்டிய நிறுத்திட்டாங்க. ஜனம்னா ஜனம். நடந்து போய்க் குடுக்கறதுக்குள்ள நாலு மணி ஆயிடுச்சு."

"காத்தால எடுத்தத!"

வாசற்படியிலிருந்து அஞ்சலை, "புள்ளையார் பாத்துக்குவாருன்னு வெச்சிருப்பாரு. அவரு என்னா ஐஸ் பொட்டியா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. குப்பியில் ரத்தம் உறையாமலிருக்க மருந்து இருக்கும். எடுத்தவுடன் குப்பியை மெல்லக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். கலக்காமல், வெயிலில், ஆறு மணி நேரம் கிடந்தால் அடியில் கட்டி விழும். கட்டிக்குள் வெள்ளை அணுக்கள் சிக்கிக்கொள்ளும். மேலே மிஞ்சியதை எண்ணினால் குறைவாகத்தான் வரும். என்னிடம் வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொருவரிடமும் நான் முதலில் சொல்லிக்கொடுத்தது, ரத்தம் எப்போது எடுத்தது, எப்படி வந்தது என்று கேட்க வேண்டும் என்பதைத்தான். முப்பத்துநான்கு வருடம் சொன்ன அந்தக் கேள்வியை மாலினியிடம் நான் கேட்கவில்லை. இரண்டாயிரத்து அறுநூறு என்று அவள் சொன்னதும் என் கண்ணுக்கு மூன்று மூட்டைதான் தெரிந்தது.

"ஆனா அதுதான் காரணம்னு இப்பவே சொல்ல முடியாதுங்க ஐயா. எடுத்துப் பாத்தாதான் தெரியும்" என்றார் தமிழ்ச்செல்வி. நான் சொல்ல வேண்டியதை அவர் சொன்னார்.

நவீனை அஞ்சலையின் கூடைக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். "எந்தப் பூ வேணும், கண்ணு? ஒன்னுதான். யோசிச்சு எடுக்கணும்" என்றார் அஞ்சலை. அவன் ஊதாவா வெள்ளையா என்று ஒரு கையால் கிளறிக்கொண்டிருக்கும்போதே தமிழ்ச்செல்வி மற்றக் கையில் ரத்தம் எடுத்து முடித்து, குப்பியை எட்டு முறை கவிழ்த்தும் விட்டார். பையன் முகம் கோணியது. அழுவதற்குள் ஊதா டிசம்பர் பூ கையில் வந்துவிட்டது. எனக்கு இந்த யோசனை இருபத்தொரு தடவையில் ஒருதடவைகூட வந்ததில்லை.

எண்ணுவதற்கு அங்கே ஒரு முறை வைத்திருந்தார். சந்தேகமான ரத்தம் என்றால் இரண்டு பேர் தனித்தனியே எண்ணி, துண்டுச் சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். பிறகுதான் திருப்ப வேண்டும். என் கண்ணாடிப் பலகையிலேயே எண்ணினோம். தமிழ்ச்செல்வி வாய்க்குள் "லாபம், ரெண்டு, மூணு" என்று தொடங்கியது கேட்டது. நெல் அளக்கிற வீட்டில் முதல் படியை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்பார்கள். அந்தப் பழக்கம் ரத்தத்துக்கும் வந்திருக்கிறது.

சீட்டுகளைத் திருப்பினோம். அவருடையது நூற்று நாற்பத்தெட்டு. என்னுடையது நூற்று முப்பத்தொன்று.

நான் கோபமாக, "நீங்கள் பலகையில் கீறிய கோட்டின் மேல் கிடப்பதையெல்லாம் சேர்த்திருப்பீர்கள்" என்றேன்.

அவர் மறுத்துப் பேசவில்லை. "இருக்கலாங்க. ஐயா, நீங்க எந்தக் கண்ணால பாத்தீங்க?"

வலது கண்ணால்தான். எப்போதும் வலது கண்ணால்தான். அதில் புரை விழத் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. இடது கண்ணை வைத்துப் பார்த்தேன். ஓரங்களில் சின்னச் சின்ன அணுக்கள் முளைத்ததுபோல வந்தன. இந்த முறை நூற்று நாற்பத்தாறு. "ரெண்டு முன்னப்பின்ன இருக்கலாங்க" என்று அவர் சொன்னது எனக்கான மரியாதை. ஐம்பதால் பெருக்கினால் ஏழாயிரத்து முந்நூறு. அல்லது நானூறு. எப்படிப் பார்த்தாலும் நல்ல எண்.

அடுத்தது, வெள்ளை அணுக்களை வகை பிரிக்க வேண்டும். நூறு அணுக்களைப் பார்த்து எந்த வகை எத்தனை என்று எழுதுவது. அதற்குச் சாவிகள் வைத்த ஒரு சின்ன எண்ணும் கருவி உண்டு. அவருடையது உடைந்து இரண்டு வருடமாம். "கண்ண எடுத்து எழுதினா எடம் மாறிப்போவுதுங்க. அதான் அஞ்சலக்கா" என்றார்.

அஞ்சலை மடியில் நாரை எடுத்து வைத்துக்கொண்டார். தமிழ்ச்செல்வி மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னார். அஞ்சலைக்கு அணுக்களின் பெயர் வேண்டியதில்லை. பூவின் பெயரே போதும். கொத்துக் கரு உள்ளவற்றுக்குக் காக்கட்டான், மல்லி போன்ற வெள்ளைப் பூ. உருண்டைக் கரு உள்ள சிறியவற்றுக்கு ஊதா டிசம்பர். பெரியவற்றுக்கு மரிக்கொழுந்து. செம்மணிகள் நிறைந்தவற்றுக்குக் கனகாம்பரம்.

"காக்கட்டான். காக்கட்டான். டிசம்பர். காக்கட்டான். டிசம்பர், டிசம்பர். கொழுந்து."

சொல்லச் சொல்ல, ஒன்றுக்கு ஒரு முடிச்சு. விரல்கள் நகர்வது தெரியவில்லை. சரம் மட்டும் நீண்டது. "மெதுவா சொல்லு தாயி, நான் என்னா மிஷினா?" என்றார், ஆனால் ஒரு முடிச்சும் பிந்தவில்லை. என் மருத்துவமனையில் விலை உயர்ந்த கருவிகளோடு பதினொரு பேர் வேலை பார்த்திருக்கிறார்கள். இவ்வளவு சுத்தமான எண்ணிக்கையை நான் அங்கே பார்த்தது குறைவு. சரத்தைப் பிரிக்காதவரை கணக்கு கலையாது. யார் வேண்டுமானாலும் மறுபடி எண்ணிச் சரிபார்க்கலாம்.

"நூறு" என்று அஞ்சலை நாரை அறுத்தார். மூவரும் எண்ணினோம். காக்கட்டான் நாற்பத்தேழு, டிசம்பர் நாற்பத்துநான்கு, மரிக்கொழுந்து ஐந்து, கனகாம்பரம் நான்கு. நான்கு வயதுப் பையனுக்கு இருக்க வேண்டியபடியே இருந்தது. இடது கண்ணால் நானும் அந்தக் கண்ணாடியை ஓரம் முதல் ஓரம் வரை பார்த்தேன். கோணலான அணு ஒன்றுகூட இல்லை.

தமிழ்ச்செல்வியைத் தனியே அழைத்து மூன்று மூட்டைக் கதையைச் சொன்னேன். பழைய நோட்டோடு, நவீனுக்குக் கோடு போட்ட புதியதையும் காட்டினேன். அவர் இருபத்தொரு வரிகளையும் நிதானமாகப் படித்தார்.

"அம்மாவுக்குச் சின்ன வயசுல பட்டது புள்ளைக்கு வந்ததுன்னு நான் படிச்சதில்லைங்க. வராதுன்னு எழுதிக் குடுக்கறதுக்கும் நான் பெரிய ஆள் இல்ல. இந்தப் பையன் ரத்தம் இன்னிக்கு நல்லா இருக்குது. அவ்ளோதான் எனக்குத் தெரியும்" என்றார். பிறகு நோட்டை மூடிக் கொடுத்தபடி, "இத அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

அன்று மாலையே சொன்னேன். மாலினி சமையற்கட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். சேகர் வாசற்படியில் உட்கார்ந்து வேன் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஆலை, சுண்ணாம்பு, வெண்டைப் பாத்தி, நான்கு வீட்டார் என்று வரிசையாகச் சொன்னேன். அவள் கை தண்ணீருக்குள் நின்றுவிட்டது.

"மூணு மூட்டையா?"

"மூன்று."

"என்னை எத்தனை தடவை குத்தினீங்க?"

"இருபத்தொரு தடவை."

"மண்ணு எனக்கு ஞாபகமே இல்ல தாத்தா. வெண்டைக்காய் லேசா ஞாபகம் இருக்கு. இந்த இருபத்தொண்ணு மட்டும் ஒண்ணுவிடாம ஞாபகம் இருக்கு." குரல் உயரவில்லை. "ஒவ்வொரு தடவையும் உங்க மூஞ்சியத்தான் பாப்பேன். எண்ணி முடிச்சு ஒண்ணும் சொல்லாம எழுதிக்குவீங்க. எனக்கு என்னமோ பெரிய வியாதி, யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்கன்னு நெனச்சேன். கல்யாணத்துக்கு முன்னாடி இவர்கிட்டகூட சொன்னேன், நான் ரொம்ப நாள் இருக்கமாட்டேன்னு."

வாசற்படியிலிருந்து சேகர் திரும்பாமலே, "ஆமா, சொன்னா. எவ்ளோ நாளுன்னு கேட்டேன். தெரியாதுன்னா. எனக்கும் தெரியாதுன்னேன். அப்புறம் கட்டிக்கினோம்" என்றான்.

நான் பழைய நோட்டை அவளிடம் கொடுத்தேன். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். முதல் மூன்று வரிகளையும் கடைசி வரியையும் காட்டினேன். "ஆறாவது வயதிலேயே சரியாகிவிட்டதா?" என்று கேட்டாள். எங்கள் ஊர் வாத்தியாரம்மா மாதிரி, எழுத்துத் தமிழில். கோபம் வந்தால் சின்ன வயதிலும் அப்படித்தான் பேசுவாள்.

"ஆறரை."

"அதுக்கப்புறம் ஏன் குத்தினீங்க?"

"பயம்" என்றேன்.

அவள் நோட்டை மூடி வைத்தாள். அரிசியை உலையில் போட்டாள். சாப்பாடு போட்டாள். மோர் வேண்டுமா என்று கேட்டாள். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் இல்லை. சேகர் என்னை வேனில் விடுதிக்குக் கொண்டுவந்து விட்டான். வழியில் ஏழு வேகத்தடை. ஒவ்வொன்றிலும் நிதானமாக ஏற்றி இறக்கினான். "பேசுவா தாத்தா. அவளுக்குக் கொஞ்சம் டைம் ஜாஸ்தி வேணும்" என்றான்.

நான்காம் நாள் யாரும் வரவில்லை. நான் பெரிய கோயிலுக்குப் போனேன். கோபுரங்கள் ஒன்பது, கிழக்கே உள்ளதற்குப் பதினொரு நிலை. ஓர் ஆந்திரக் குடும்பம் என் பக்கத்தில் நின்று தெலுங்கில் பேசியது; அவர்களோடு வந்த தமிழ்க்காரர் எனக்குச் சொன்னார், "உச்சி வரைக்கும் யாரு அண்ணாந்து பாத்தாங்களோ அவங்களுக்குத்தான் சர்க்கரைப் பொங்கலாம். பாட்டி கழுத்து வலிக்குது, கீழேயே வாங்கிக்கிறேன்றாங்க." நன்றாக இருந்தது. மதியம் படுத்திருக்கையில், கட்டிலை ஏன் சுவரிலிருந்து தள்ளிப் போட்டோம் என்று வெட்கமாக இருந்தது. பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டேன்.

ஐந்தாம் நாள் காலை விடுதி வாசலில் வேன் நின்றது. மாலினி இறங்கினாள். தலையில் அந்தச் சரம். வெள்ளை, ஊதா, பச்சை, செம்மஞ்சள், எந்த ஒழுங்கும் இல்லாமல், அணுக்கள் கண்ணில் பட்ட வரிசையிலேயே.

"அஞ்சலக்கா ஈரத்துணியில சுத்தி வெச்சிருந்தாங்க. கதம்பம்னு குடுத்தாங்க. ரத்தக் கணக்குன்னு அப்புறந்தான் சொன்னாங்க" என்றாள். கொஞ்சம் வாடியிருந்தது. நவீன் அவள் இடுப்பிலிருந்து எட்டி ஒரு டிசம்பர் பூவைப் பிய்த்தான்.

"இப்போது தொண்ணூற்றொன்பது" என்றேன்.

"விடுங்க தாத்தா" என்றாள். அதில் பழைய மாலினி கொஞ்சம் இருந்தாள்.

பிறகு கையை நீட்டினாள். "இன்னொரு நோட்டு இருக்குன்னு தமிழ்ச்செல்வி சொன்னாங்க. குடுங்க."

புதிய நோட்டைக் கொடுத்தேன். நான் சிவப்பு மையில் போட்ட கோடுகளையும், ஓரத்தில் நான்கு வயது, நாலரை, ஐந்து என்று பதினேழரை வரை எழுதியிருந்ததையும் விரல் வைத்துப் பார்த்தாள்.

"இது என்ன தாத்தா, ஸ்கூல் டைம்டேபிளா? இவன் பதினெட்டு வயசு வரைக்கும் கையைப் பின்னாடி வெச்சுக்கிட்டே நிக்கணுமா?"

விமான நிலையத்து அதிகாரியின் "எண்ணி?" என்ற கேள்வியைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அவள் தன் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடமே நீட்டினாள். "முதல் வரிய எழுதுங்க. நல்லாத்தானே இருக்கு? எழுதுங்க. இந்தத் தடவை எழுதறப்போ வாயைத் திறந்து சொல்லிக்கிட்டே எழுதுங்க."

நான் உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினேன். ஏழாயிரத்து நானூறு. நாற்பத்தேழு, நாற்பத்துநான்கு, ஐந்து, நான்கு. எல்லாம் சரியாக இருக்கிறது. நவீன் வாயைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"மிச்சத்தைத் தொடக்கூடாது" என்றாள் மாலினி. "காய்ச்சல் கீய்ச்சல் வந்தா தமிழ்ச்செல்வி பாத்துக்குவாங்க. நான் போன்ல சொல்றேன். நீங்க போய் மொதல்ல அந்தக் கண்ணைக் காட்டுங்க."

ஆறாம் நாள் பஸ் நிலையத்துக்கு மாலினியும் சேகரும் நவீனும் வந்தார்கள். விடுதி மேனேஜர்கூட வந்திருந்தார், நெத்திலி வாசம் போன பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு. பஸ் கிளம்பும்போது நவீன் ஜன்னலுக்குக் கையை நீட்டினான். உள்ளங்கையில் வறுத்த வேர்க்கடலை. கொஞ்சம் கீழே கொட்டிவிட்டது. அவன் மறுபடியும் நிரப்பி, மறுபடியும் நீட்டினான்.

செஞ்சி தாண்டியதும் புதிய நோட்டைத் திறந்தேன். முதல் வரியில் என் எழுத்து. அதற்குக் கீழே காலி வரிகள். இடது கண்ணால் ஒருமுறை எண்ணினேன். புரை விழுந்த வலது கண்ணாலும் ஒருமுறை எண்ணினேன். இருபத்தேழுதான். அத்தனை முறை அவன் விரலை யாரும் குத்தப்போவதில்லை.